ஒரு சஹனுக்கு எத்தனை பேர்

மகனுக்கு,

ஸலாமை முதலில் சொல்வதா, கோபத்தை முதலில் சொல்வதா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஸலாமே முந்தட்டும். உனக்கு அல்லாஹ் நல்ல உடம்பையும் நிறைந்த கடையையும் தரட்டும் என்று மனசாரச் சொல்லிவிட்டேன். இனி கோபத்துக்கு வருகிறேன். மாடியில் இருக்கிற கிழவன் கீழே கடையில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிறானே, இது என்ன கூத்து என்று நீ சிரிப்பாய். நன்றாகச் சிரி. நேரில் பேசினால் நான் கத்துவேன், இல்லையென்றால் பழங்கதை சொல்ல ஆரம்பித்துவிடுவேன். இரண்டில் எது நடந்தாலும் நீ தலையைக் குனிந்துகொண்டு "சரிங்கத்தா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விடுவாய். நான் சொல்ல வந்தது என் தொண்டையிலேயே நின்றுவிடும். காகிதத்திடம் அந்தத் தொல்லை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நீ கடையில் கலந்துபேச மஜ்லிஸ் வைத்தாயாம். ஒரே பெரிய தட்டாக ஒரு சஹன் சோறு, அதைச் சுற்றி நான்கு பேர்: நீ, சமையல் பார்க்கிற கனி பண்டாரி, சாமான் வாங்கப் போகிற காசிம், மேசைகளைக் கவனிக்கிற யூசுப். மூவார் ஆற்றின் கப்பல் துறையில் இருக்கிற நம் சாப்பாட்டுக் கடையை எடுத்து, பத்து பகாட் ஊருக்குப் போகிற பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே கொண்டுபோவதா வேண்டாமா என்பது பேச்சு. என் அண்ணனும் நானும் ஊரிலிருந்து வந்து வைத்த கடை அது. அதை இடம் பெயர்க்கிற பேச்சுக்கு என்னைக் கூப்பிடவில்லை. எனக்குச் சேதி கொண்டுவந்தது யார் தெரியுமா? உன் மாமுதான். கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டிய மனிதர், அதைத் திறந்து போட்டுவிட்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"அலமாக், மச்சான்! சேதி தெரியுமா? உங்க மவன் கீழ சஹன் வச்சு, கடைய மாத்துறதுக்குப் பேசி முடிச்சிட்டாங்க. உங்களையும் கூப்பிடல. என்னையும் கூப்பிடல!"

என்னைக் கூப்பிடாததை மெதுவாகவும், தன்னைக் கூப்பிடாததைத் தெருவுக்கே கேட்கிற மாதிரியும் சொன்னார். "விட்டுடாதீங்க மச்சான். இன்னிக்கு இதுக்குக் கூப்பிடல, நாளைக்கு எதுக்குமே கூப்பிட மாட்டாங்க லா" என்று எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று மதியம் உன் கடையிலிருந்து வந்த தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினேன். எதிர்ச்சாரியில் சீனன் கடையிலிருந்து ரொட்டியும் கோப்பியும் வரவழைத்துச் சாப்பிட்டேன்.  மறுநாள் காலையும் தட்டு திரும்பிப் போனபோதுதான், துணி மடித்துக்கொண்டிருந்த உன் உம்மா தலை நிமிராமலே சொன்னாள்:

"பெரிய மச்சான் மாதிரியே பண்றீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் பெரிய மச்சான் என்பது என் அண்ணனை; கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் ஏன் அப்படி ஆடிப்போனேன் என்பது உனக்குப் புரிய வேண்டுமானால், நீ பிறப்பதற்கு முன் நம் கடையில் மஜ்லிஸ் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். பார்த்தாயா, பழங்கதைக்கு வந்தே விட்டேன்! பொறுத்துக்கொள்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வருகிற சின்னக் கப்பல்தான் மூவாருக்கு வாசல். கப்பல் ஊதினால் ஊரே துறைக்கு ஓடும். இறங்குகிறவன் பசியோடு இறங்குவான். அவன் முகத்துக்கு நேரே நம் கடை. வெள்ளிக்கிழமை காலையில் பசியாற வந்த கூட்டம் கலைந்ததும், மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பாயை விரித்து, என் அண்ணன், அதாவது உன் பெரியத்தா, நடுவில் உட்காருவார். உடனே மஜ்லிஸ் ஆரம்பம். கடை ஆட்கள் மொத்தப் பேரும் வருவார்கள். பக்கத்துத் தையல்காரர் ஊசியும் நூலுமாக வருவார். பள்ளிவாசல் மோதினார் வருவார். விறகு போடுகிற சீன முதலாளி தவுக்கேகூட வெளி விசுப்பலகையில் உட்கார்ந்துகொண்டு, நாம் பேசுகிற தமிழ் ஒரு வார்த்தையும் விளங்காமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஆற்றுக் காற்று, கோப்பி வாசனை, ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணுகிற சத்தம். தம்பி, அந்தப் பாயின் மேல் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு அதுதான் வீடு, அதுதான் சொந்தபந்தம். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை காலையில் கண்ணை மூடினால் அந்த இரைச்சல் என் காதில் கேட்கிறது.

ஆனால் அந்த மஜ்லிஸில் ஒரு காரியமும் முடிந்ததில்லை. முதலில் உன் பெரியத்தா பேசுவார். மூத்தவர் அல்லவா, அதுதான் முறை. அவர் பேசி முடித்தபின் அடுத்த மூத்தவர், "அண்ணன் சொன்னது சரிதான்" என்பார். அதற்கு அடுத்தவரும் அதையே சொல்வார். அப்படியே சுற்றி வந்து கடைசி ஆள்வரை அண்ணன் சொன்னது சரியாகிவிடும். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மீன்குழம்புக்குப் புளி மாற்றுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தையல்காரர் மகள் கல்யாணத்தில் போய் நிற்போம். அதிலும் எனக்கு வருத்தமில்லை. சிரித்துக்கொண்டுதான் எழுந்து போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கப்பல் வந்ததும் துறைக்குப் போய் ஆள் அழைத்து வருவது யார் என்று பேச உட்கார்ந்தோம். பக்கத்தில் புதிதாக ஒரு கடை வந்திருந்தது. அவர்கள் ஆளை நிறுத்திக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நாமும் ஒருவரை நிறுத்த வேண்டும் என்பதுதான் விஷயம். உன் பெரியத்தா, தான் முதன்முதலில் கப்பலேறிய கதையிலிருந்து தொடங்கினார். பாதியில் கப்பல் ஊதியது. எல்லார் காதிலும் விழுந்தது. என் காதிலும் விழுந்தது. மூத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போது எப்படி எழுந்திருப்பது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சனங்கள் இறங்கினார்கள், நம் வாசலைத் தாண்டினார்கள், மேசையெல்லாம் சுவரோரம் கிடப்பதைப் பார்த்தார்கள், கடை மூடியிருக்கிறது போலிருக்கிறது என்று நேரே பக்கத்துக் கடைக்குள் போனார்கள். ஆள் அழைக்கப் போவது யார் என்று நாங்கள் உள்ளே பேசிக்கொண்டே இருந்தோம். இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வயிறு எரிந்தது.

இதையெல்லாம் மாடி ஜன்னலிலிருந்து உன் உம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அவள் வயிற்றில் இருந்தாய். மஜ்லிஸுக்கு வருகிற அத்தனை பேருக்கும் தேங்காய்ச் சோறும் சம்பாலும் செய்து கீழே அனுப்புவது அவள்தான். மூவாரிலேயே பிறந்து கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், வளர்ந்தவள், வாய்க்குக் கேட்கவா வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரே ஒரு சஹன்தான் கீழே வந்தது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கை வைத்துச் சாப்பிடுகிற பெரிய தட்டு. நான் மாடிக்கு ஓடினேன்.

"மத்தவங்களுக்கு எங்கே?"

"இல்ல. ஒரு தாலாம் சோறுதான் ஆக்குனேன். அத சுத்தி எத்தன பேரு உக்கார முடியுமோ, அத்தன பேரு பேசுங்க. மிச்சம் பேரு கப்பல் பாக்கட்டும்!"

"ஊர் சிரிக்கும்."

"போன வாரமே சிரிச்சாச்சு. மேல நின்னு நாந்தான் முதல்ல சிரிச்சேன்."

கீழே இறங்கி வந்து, யாரை உட்கார வைப்பது என்று தெரியாமல் விழித்தேன். கடைசியில், வேலை யார் கையால் நடக்கப் போகிறதோ அவர்கள் உட்காரட்டும் என்றேன். கனி பண்டாரி அப்போது இளவட்டம். அவர், உன் மாமு, காசிம், நான். உன் பெரியத்தா பள்ளிவாசலிலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்தார். அதற்குள் நாங்கள் பிஸ்மி சொல்லிக் கை வைத்துவிட்டோம். கை வைத்த சஹனில் புதிதாக ஒருவரை எப்படி உட்கார வைப்பது? எழுந்திருக்கப் போனேன். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று கையமர்த்திவிட்டு வெளியே போனார். நாங்கள் அன்றைக்குச் சோறு தீர்வதற்குள் விஷயத்தை முடித்துவிட்டோம். கப்பல் நாளில் காசிம் துறைக்குப் போவது, அவர் திரும்பும்வரை மாமு மேசை பார்ப்பது, அவ்வளவுதான். வாரக்கணக்காக முடியாதது சோற்றோடு முடிந்துவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன் பெரியத்தா அந்த மழைக்காலம் முழுவதும் நம் கடையில் சாப்பிடவில்லை. எதிர்ச்சாரிச் சீனன் கடையில், நம் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து, ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துத் தின்பார். நீ பிறந்த அன்று, உன் காதில் பாங்கு சொல்ல அவரைத்தான் கூப்பிட்டேன். வந்தார். பாங்கு சொல்லும்போது குரல் உடைந்தது. அன்று உம்மா கையால் சாப்பிட்டார். பிறகு எப்போதும் சாப்பிட்டார். ஆனால் கடை மஜ்லிஸில் மட்டும் அவர் கடைசிவரை உட்காரவில்லை. நாங்களும் அழைக்கவில்லை, என்ன பேசினோம் என்று சொல்லவும் இல்லை, அவரும் கேட்கவில்லை. ஒருநாள் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது, "கடையில என்ன நடக்குதுன்னு எனக்கு மோதினார் சொல்லித்தான் தெரியுது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் மண்ணுக்குள் போய் இத்தனை வருஷமாகியும் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. உன் உம்மா 'பெரிய மச்சான் மாதிரி' என்றதும் நான் ஏன் ஆடிப்போனேன் என்று இப்போது தெரிகிறதா?

அதற்குப் பிறகு ஒரு சஹன்தான் நம் கடை வழக்கம் ஆயிற்று. ஒரு சஹனுக்கு ஒரு பேச்சு. தட்டைத் துடைத்துக் கை கழுவினால் பேச்சு முடிந்தது. அதிலும் கூத்து இல்லாமல் இல்லை. பண்டாரி அடுப்படி ஆள், நாலு வாயில் தன் பக்கத்தைக் காலி செய்துவிடுவார். உன் மாமுவுக்குத் தன் பேச்சு எடுபடவில்லை என்றால் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்க ஆரம்பித்துவிடுவார். சோறு தீர்ந்தால்தானே பேச்சு தீரும்! பண்டாரிக்குப் பொறுக்காது. "மாமு, அது சோறா, பவளமா? கோக்குறீங்களா?" என்பார். ஒரு முறை பெரிய விஷயம் ஒன்று வந்தது. நிறையப் பேச வேண்டியிருக்கும் என்று உம்மாவிடம் சொல்லிச் சோற்றை மலையாகக் குவிக்கச் சொன்னேன். என்ன ஆயிற்று? தின்று முடித்ததும் நால்வருக்கும் கண் சொருகிவிட்டது. காசிம் சுவரில் சாய்ந்து குறட்டையே விட்டார். அன்றோடு பெரிய பேச்சுக்குச் சின்ன சஹன் என்று வைத்துக்கொண்டோம். நோன்பு மாதத்தில் பகலில் சோறே கிடையாது. அடுப்படி வாசலில் நின்றுகொண்டே பேசுவோம். நாக்கு வறண்டு போயிருக்கும், யாரும் வார்த்தையை வீணடிக்க மாட்டார்கள். வருஷத்தில் நல்ல முடிவுகளெல்லாம் அந்த மாதத்தில்தான் எடுத்தோம் என்று நினைக்கிறேன்.

சஹனில் முதல் கை மூத்தவருடையது. அதை நான் மாற்றவில்லை. முதல் பேச்சை மட்டும் வேலை செய்கிறவருக்குக் கொடுத்தேன். நான் கடைசியாக வாயைத் திறப்பேன். அண்ணன் சொன்னது சரிதான் என்று எல்லாரும் சொன்ன பாயில் உட்கார்ந்து படித்த பாடம் அது. நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். எப்போது மாறினேன் என்று தெரியவில்லை. வயது ஆக ஆகச் சோறு இறங்குவது குறைந்துபோயிற்று; பேச்சு கூடிப்போயிற்று. இந்த இடம் மாற்றுகிற விஷயத்தை நீ முதலில் சொன்ன வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறதா? "கப்பலில் ஆளே வருவதில்லை அத்தா, எல்லாரும் பஸ்ஸில்தான் வருகிறார்கள்" என்றாய். நான் உடனே, அண்ணனும் நானும் ஆற்று மண்ணைக் குழைத்து அடுப்புப் போட்ட கதையை எடுத்தேன். பண்டாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். சஹன் காலியாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு கதை. அதற்கு அடுத்த வாரம், கப்பல் ஊதிய கதையையே சொன்னேன், அத்தனை பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போது உன் முகம் தெரிகிறது.

உன் உம்மாவிடம் நீ சொன்னதை அவள் நேற்று என்னிடம் சொல்லிவிட்டாள். கோபித்துக்கொள்ளாதே, நான்தான் பிடுங்கினேன். "அத்தா உக்காந்திருந்தா யாரும் பேச மாட்டாங்க உம்மா. அத்தா பேசுறதக் கேக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. எனக்கும் ஆசைதான். ஆனா கடை போயிடும்" என்றாயாமே. எனக்குச் சுருக்கென்று குத்தியது. அப்புறம் அழுகை வந்தது. எனக்கும் ஆசைதான் என்று நடுவில் ஒரு சொல் வைத்தாய் பார், அதற்காக.

ஆகவே, என்னைக் கூப்பிடாதது தப்பில்லை. மாமுவைக் கூப்பிடாததும் தப்பில்லை. கூப்பிட்டிருந்தால் இந்நேரமும் பருக்கை பொறுக்கிக்கொண்டிருப்பார். ஆனால் தம்பி, என் கோபத்தில் பாதி நியாயமானது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கை கழுவினதும் நீ மாடியேறி வந்திருக்க வேண்டும். "அத்தா, இன்னது பேசினோம், இதற்காக உங்களைக் கூப்பிடவில்லை" என்று நின்றுகொண்டே சொல்லியிருந்தால்கூடப் போதும். நான் கத்தியிருப்பேன், அது வேறு. சின்னக் கூட்டம் கூட்டுகிறவனுக்கு இந்த ஒரு வேலை கூடுதல்: உட்காராதவர்கள் வீட்டுக்கு அன்றைக்கே அவனே நடந்துபோக வேண்டும். நாங்கள் உன் பெரியத்தாவுக்கு அதைச் செய்யவில்லை. மாமுவிடமும் போய்ச் சொல். இரண்டு நாள் முறுக்கிக்கொள்வார், அப்புறம் இடம் மாற்றுவது தன்னுடைய யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். சொல்லிவிட்டுப் போகட்டும், விடு.

கடை விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் புது இடத்துக்காரர் திங்கட்கிழமைவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றும், என் வாயிலிருந்து ஒரு சொல் வராமல் நீ அவரோடு பேசி முடிக்க மாட்டாய் என்றும் உம்மா சொன்னாள். நேற்று மதியம் லுகர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன் அல்லவா? தொழுதுவிட்டு, அங்கிருந்து ரிக்‌ஷா வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். உன் எண்ணம் தப்பு என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்து உன்னைக் கிழிக்க வேண்டும் என்றுதான் போனேன், உள்ளதைச் சொல்கிறேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் ஒன்று போனால் இன்னொன்று வருகிறது. இறங்குகிறவர்கள் இங்கும் அங்கும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐஸ் தண்ணீர் விற்கிற ஒருவனைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. நம் சனம் ஒருவர், செடெனாக் பக்கம் தோட்டத்தில் வேலையாம், மனைவியோடு என்னிடம் வந்தார்.

"ஐயா, இங்க சோறு எங்கிட்டுக் கெடைக்கும்?"

நிமிர்ந்து நின்று, பெருமையாகக் கையை நீட்டி, "இப்படியே நேராப் போயி, ஆத்துப் பக்கம் திரும்புனா கப்பல் தொற. அங்க நம்ம கடைதான்" என்றேன். அவர் என் கை காட்டிய திக்கைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். மனைவியின் காலைப் பார்த்தார். அந்தப் பெண் செருப்பில்லாமல் நின்றிருந்தாள்.

"ரொம்பத் தூரமுங்களே. பஸ்ஸு கெளம்பிரும்."

"பரவாயில்லைங்க, வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டுக்கிறோம்" என்றாள் அந்தப் பெண், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. அவர்கள் வீடு போய்ச் சேர இருட்டிவிடும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் ஐஸ் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. சோற்றுக்கடைக்காரன் நான், சோறு எங்கே என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்ட இரண்டு பேரைப் பச்சைத் தண்ணீரோடு வண்டியேற்றிவிட்டு, அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை போய் அந்த இடத்தைப் பேசி முடி. அதற்காக என்னிடம் கேட்க வராதே. கேட்டால் நான் மறுபடியும் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவேன். இனி வெள்ளிக்கிழமைகளிலும் எனக்கு இடம் போடாதே. வேலை செய்கிற கைகள் உட்காரட்டும். ஆனால் பேசி முடித்துக் கை கழுவினதும், மாமு படியேறுவதற்கு முன்னால் நீ ஏறி வா. நான் சாப்பிடாமல் காத்திருப்பேன்.

உன் அத்தா